பத்தொன்பதார்

மேல்சித்தாமூரில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர் அது. இருட்டில் உண்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது வாய்க்குள் போய்விடும் என்ற கரிசனம். நம் பத்தொன்பதார் சமணர் அல்லர். ஆனாலும் அவரிடமும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு. அவருடைய அரிசி ஆலையில் அவை மூட்டை தூக்குகின்றன, களத்தில் நெல் துழாவுகின்றன, பாய்லருக்கு உமி தள்ளுகின்றன. ரிஜிஸ்டரில் மட்டும் தென்படுவதில்லை.

இவரை நான் மேல்சித்தாமூரில் வைத்துச் சொல்கிறேன். ஆரணியில் வைத்தாலும் பொருந்துவார். திருப்பூரில் பனியன் கம்பெனியோடும் சிவகாசியில் அச்சகத்தோடும் இவருக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள்.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் எடுக்கும்போது மூட்டைக் கணக்கை நூறு, இருநூறு என்று வாய் நிறையச் சொல்கிறவர், ஆள் கணக்கு என்று வந்தால் பத்தொன்பதோடு நின்றுவிடுவார். அதற்கு மேல் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் எண்ணே சொல்லித் தரவில்லை போலும். காரணம், 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். இருபது பேர் வேலை செய்கிற இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பிடித்துவிட்டால், பிறகு ஆள் பதினைந்தாகக் குறைந்தாலும் விடாது. வேதாளமாவது விக்கிரமாதித்தன் தோளிலிருந்து இறங்கி முருங்கை மரம் ஏறும். இது இறங்காது.

ஒரு நாள் அவர் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து எண்ணுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"களத்துப் பொம்பளைங்க ஒம்போது பேர் இருக்காங்களே மொதலாளி?"

"அதுங்க தினக்கூலிப்பா. இன்னிக்கு வரும், நாளைக்கு வராது."

அந்த ஒன்பதில் ஒரு பெரியம்மா இவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிறவள். இவர் கால்சட்டை போட்டு நெல் குவியலில் சறுக்கி விளையாடியதைப் பார்த்தவள்.

"லோடுமேனுங்க?"

"மேஸ்திரி ஆளுங்க. அவன்தான் கூட்டியாறான், அவன்தான் கூட்டினு போறான்."

மேஸ்திரி மூலம் வந்தாலும் ஆலையின் ஆள்தான் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. கணக்குப்பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்ததைச் சொல்லாததற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம்.

"லாரி டிரைவரு?"

"அவன் பாதி நாளு ரோட்லதான கிடக்கிறான். ஆலைக்குள்ள எங்க கீறான்?"

"வாச்மேன்?"

"தூங்கறவனை எல்லாம் வேலை செய்யறான்னு எழுதச் சொல்றியா?"

இப்படிக் கழித்தும் இருபத்திரண்டு வந்தது. அன்று மாலையே தவிட்டு வியாபாரம் மனைவி பெயருக்கும், நெல் கொள்முதல் மருமகன் பெயருக்கும் மாறின. வாசலில் மூன்று போர்டு. உள்ளே ஒரே பாய்லர், ஒரே எடைமேடை, ஒரே நாய். கிளைகளும் பிரிவுகளும் சேர்ந்து ஒரே நிறுவனம்தான் என்று சட்டத்தின் 2ஏ பிரிவு சொன்னது. நாய்க்கும் அதே கருத்துதான். மூன்று கம்பெனிக்கும் சேர்த்தே குரைக்கும்.

செஞ்சிக் கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும். 1698இல் அந்தக் கோட்டையைப் பிடித்தார்களே முகலாயர்கள், அவர்களுக்கும் தலை எண்ணுவதில் தொல்லை இருந்தது. படைத்தலைவர்கள் இல்லாத குதிரையைக் கணக்கில் காட்டிப் பணம் வாங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் முறை. நம்மவர் இருக்கிற ஆளை இல்லை என்று சொல்லிப் பணம் மிச்சம் பிடிக்கிறார். இவர் காலத்தில், 2014இல், வந்ததுதான் யுஏஎன் என்கிற பன்னிரண்டு இலக்க எண். தொழிலாளி எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் எண் மாறாது. சூடு போடுவது ஒன்றுதான் பாக்கி.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைக் கஞ்சன் என்று நினைத்தால் தப்பு. களத்துப் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் என்றபோது பத்தாயிரம் எடுத்துக் கொடுத்தார். சபையில், மைக் இருக்கும்போது கொடுத்தார். ஆண்டுகள் ஓடிய பின்னும் அந்தப் பத்தாயிரம் பேச்சில் வந்துகொண்டே இருக்கிறது. லோடுமேனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே அனுப்புவார். தீபாவளிக்குப் புடவை, வேட்டி, பட்டாசு எல்லாம் உண்டு. கொடுக்கிற கையை வாங்குகிற கண் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வைப்பு நிதியில், அதாவது பி.எஃப்பில், அந்தச் சுகம் இல்லை. மாதம் 12,000 கூலி வாங்குகிற ஆளுக்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், இவர் பங்கு. அதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது, மீதி 3.67 வைப்பு நிதிக்கு. காப்பீட்டுக்கு அரை, நிர்வாகச் செலவுக்கு அரை தனி. கம்ப்யூட்டரில் சலான் போட்டால் பணம் சத்தமில்லாமல் போய்விடும். மாலை கிடையாது, மைக் கிடையாது. "தர்மம்னா தலைகீழா நின்னு குடுப்பேன். இது என்னமோ கடன்காரன் மாதிரி கேக்கிறானுங்க" என்பார்.

அவருடைய பங்காளிகளோடு ஒப்பிட்டால் இவர் உத்தமர். ஒரு பங்காளி கூலியில் பி.எஃப். என்று பிடித்துக்கொண்டு கட்டாமலே இருப்பார். சட்டம் அதை நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று பார்க்கிறது, அவர் அதைக் கைமாற்று என்று பார்க்கிறார். இன்னொருவர் தன் பங்கையும் தொழிலாளி கூலியிலேயே பிடித்துவிட்டு, "ரெண்டும் உன் பேர்லதானய்யா போவுது" என்று சமாதானம் சொல்வார்.

நம்மவரிடம் யாரோ, மாட்டிக்கொண்டாலும் பி.எஃப். குறைவாக வரட்டும் என்று, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டிக் காட்டலாம் என்று யோசனை சொன்னார்கள். களத்தில் வெறுங்காலோடு நெல் துழாவுகிற பெண்களுக்கு மாதம் 3,000 பெட்ரோல் படி என்று எழுதப் போனார். ஆடிட்டர்தான் தடுத்தார். எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுக்கிற படியும் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டதாம்.

கடைசியில் அவரைக் காட்டிக் கொடுத்தது அவருடைய தாராளம்தான். ஆயுத பூஜைக்குப் பாய்லர் முன்னால் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்து, பெரிதாகக் கண்ணாடி போட்டு, ஆபீஸில் தன் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார். சோதனைக்கு வந்த பி.எஃப். அதிகாரி ரிஜிஸ்டரைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், பேனா முனையால் தலைகளை எண்ண ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டியது.

"பின்னாடி வரிசையில நிக்கிறவங்க?"

"சொந்தக்காரங்க சார். பூஜைக்கு வந்தாங்க."

"எல்லாருமே தலையில துண்டு கட்டிக்கிட்டா?"

"குடும்ப வழக்கம் சார்."

பிறகு பாக்கியை நிர்ணயிக்கிற 7ஏ விசாரணை நடந்தது. மூன்று வருஷத்துக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். முடிந்துபோன மாதங்களுக்குத் தொழிலாளி பங்கை இப்போது கூலியில் பிடிக்கக் கூடாது என்பதால் இரண்டு பங்கும் இவர் தலையில். அதற்கு 12 சதவீத வட்டி, வட்டிக்கு மேல் அபராதம். ஆடிட்டர் ஆறுதல் சொன்னார்: "ஒரு நல்லதும் இருக்குதுங்க. அந்தக் களத்தம்மாவுக்கு வயசு 51. பென்ஷன் சேர்றது 58 வரைக்கும்தான், அதுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேணும். இனிமே ஏழு, பின்னாடி மூணு. சரியாப் பத்து."

"அது ஆலைக்கு வந்து முப்பது வருஷம் ஆவுதேய்யா" என்றார் பத்தொன்பதார், தன்னை மறந்து.

இப்போதெல்லாம் 15ஆம் தேதி பொழுது சாய்வதற்குள் கட்டிவிடுகிறார். போட்டோ இடத்தில் வேங்கடாசலபதி இருக்கிறார்.

போன மாதம் பெரியம்மா செல்போனைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். ஏதோ மெசேஜ், இங்கிலீஷில். கணக்குப்பிள்ளை படித்துச் சொன்னார்: அவள் கணக்கில் 1,880 ரூபாய் சேர்ந்திருக்கிறது.

"கவருமெண்ட்டு போட்டுக்குதா?" என்று முகமெல்லாம் மலர்ந்தாள்.

பத்தொன்பதாருக்குப் பொறுக்கவில்லை. "கவருமெண்ட்டு இல்லம்மா, நான் போடறேன். உன் கூலியில 1,440, அதுமேல என் காசு 440. அது இல்லாம பென்ஷனுக்கு ஆயிரம், அது இதுல காட்டாது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கூலியில புடிக்கறது நீ, அது எனக்குத் தெரியும் நைனா. போடறது கூடவா நீ?"