டென்ஷன் ஆகாதீங்க

நம்மூரில் ஒருவருக்கு பேனிக் அட்டாக் வருவதாக இருந்தால் தயவுசெய்து ஆளில்லாத இடமாகப் பார்த்து வரட்டும். டவுன் பஸ்ஸில் வந்துவிட்டால் அவரைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது.

26 வயதுப் பெண் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எல்லாத் தெருவிலும் இருக்கிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவளுக்குக் காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றுகிறது. அந்த நொடியே பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுகிறார்கள். 'கேஸ்தாம்மா' என்று ஒருவர் சோடா வாங்கி வருகிறார். 'சுகர் இறங்கியிருக்கும்' என்று இன்னொருவர் வாயில் சாக்லேட்டைத் திணிக்கிறார். வேக வேகமாக மூச்சு விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து அவளுக்கு விரல்கள் மரத்து மடங்கிக்கொள்கின்றன. உடனே 'வலிப்பு!' என்று ஒரு குரல். யாரோ பைக் சாவியை அவள் உள்ளங்கையில் அழுத்துகிறார். இரும்பு வலிப்புக்கே உதவாது என்பது வேறு கதை. 'காத்து விடுங்க, காத்து விடுங்க' என்று கத்திக்கொண்டே வட்டம் நெருங்குகிறது. வட்டத்துக்கு மேலே நாலு செல்போன்கள்.

அடுத்து ஆஸ்பத்திரி. முதல் தடவை நெஞ்சு வலித்தால் போகத்தான் வேண்டும். இதயமா, தைராய்டா என்று பார்த்துவிடத்தான் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. அதே பெண் மறுமாதமும், அதற்கடுத்த மாதமும் அதே கட்டிலில் வந்து படுக்கிறாளே, அங்கேதான் சண்டை. மார்பில் அதே ஜில்லென்ற ஜெல்லி, அதே கிளிப்புகள், ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை. 'திடீர்னு வந்து, பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய், அப்புறம் தானா அடங்குதா? மறுபடி வந்துடுமோன்னு பயந்து பஸ் ஏறாம இருக்கியா?' இதைக் கேட்கத்தான் அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. வராது. எக்கோவுக்கு பில் போடலாம், கேள்விக்குப் போட முடியாதே. 'எல்லாம் நார்மல்மா, டென்ஷன் ஆகாதீங்க' என்று ஃபைலை நீட்டுகிறார்கள். இத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்தவளுக்குக் கிடைத்த வைத்தியம் அந்த ஒரு வாக்கியம். இதையே பஸ் கண்டக்டர் இலவசமாகச் சொல்லியிருந்தார்.

மிச்சத்தை மெடிக்கல் ஷாப் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். சீட்டே இல்லாமல் அல்பிரசோலம், பாதி மாத்திரை. அது சுலபமாகப் பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிட மோசமாகத் திரும்பும் என்று அவர் சொல்ல மாட்டார். அவரை விடுங்கள், எழுதித் தருகிற டாக்டர்களிலேயே சொல்பவர் எத்தனை பேர்?

வயிறெரிகிறது. ஏனென்றால் இது தீர்க்க முடியாத வியாதியே இல்லை. அட்டாக் தானாக அடங்கும். அது ஆளைக் கொல்வதில்லை. அந்த நேரத்தில் வேண்டியது ஒரு நாற்காலி, பதறாத ஒரு ஆள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுவது. உண்மையான வியாதி அதற்குப் பிறகுதான் வளர்கிறது. இன்று பஸ் வேண்டாம், நாளை லிஃப்ட் வேண்டாம், அப்புறம் தியேட்டர், கடைசியில் வாசற்படி. அந்தப் பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குகிற பேச்சு சிகிச்சை இருக்கிறது. சில வாரங்களில் வேலை செய்யத் தொடங்கும், அல்பிரசோலம் மாதிரி அடிமையாக்காத மாத்திரைகளும் இருக்கின்றன. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வாங்குவதில்லை. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனாலும் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், இந்த மாதிரி பரவலான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கே வரவில்லை.

எப்படி வருவார்கள்? சென்னையில் 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனைக்கு நாம் செய்த மரியாதை, அது இருக்கிற கீழ்ப்பாக்கம் என்கிற ஊர்ப் பெயரையே சினிமா காமெடி வசவாக்கியதுதான். தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்த அப்பா, மகள் அந்த ஊர் பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

சட்டம் மட்டும் நம்மிடம் பிரமாதமாக இருக்கிறது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கம்பெனிகள் சிரமேற்கொண்டன. அட்மிட் ஆனால் தருகிறோம் என்றன. பேனிக் அட்டாக்குக்கு யார் அட்மிட் ஆகிறார்கள்? வாராவாரம் வெளிநோயாளியாகப் போய்ப் பேச வேண்டிய சிகிச்சைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பைசா பெயராது. நெஞ்சு வலி என்று இரண்டு நாள் ஐசியூவில் கிடந்தால் கேஷ்லெஸ். அலுவலகம் இன்னும் தாராளம். அக்டோபர் 10 மனநல தினத்தன்று ஆளுக்கொரு பச்சை ரிப்பன், மாலை ஆறு மணிக்கு மன அழுத்தம் பற்றி ஆன்லைன் சொற்பொழிவு. அதில் போன ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட ராத்திரி பதினொன்று வரை வேலை.

அந்தப் பெண் எப்படியோ தானாகவே விசாரித்து, ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து, நாலு மாதமாக மாத்திரை சாப்பிட்டுத் தேறி வருகிறாள். பஸ் ஏறுகிறாள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். 'மாப்பிள்ளை வீட்டுல கேட்டா தைராய்டு மாத்திரைன்னு சொல்லு' என்கிறாள் அம்மா. 'எதுக்கு வம்பு, நிறுத்திடு. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்' என்கிறாள் சித்தி. டாக்டரைக் கேட்காமலே நிறுத்தினார்கள். ரிசப்ஷன் மேடையில் எட்டுக் கிலோ புடவையும் நாலு ஃப்ளட் லைட்டுமாக மூன்று மணி நேரம் நின்றவளுக்கு மூச்சு முட்டி, வியர்த்து, கை நடுங்கியது. 'பொண்ணுக்கு வெட்கம்' என்று மாமியார் சிரித்தார். வீடியோகாரர் இன்னும் கிட்டே வந்து, 'அப்படியே இருங்க மேடம், சூப்பரா வருது' என்றார்.