ஆஃப்லைன்ல பேசிக்கலாம்

"எதுவா இருந்தாலும் ஓப்பனா பேசுங்க. நானும் உங்கள்ல ஒருத்தன்தான்" என்று கூட்டத்தில் மேனேஜர் ஆரம்பித்ததுமே பாதிப் பேர் குனிந்து செல்போனைத் தேடுவார்கள். டைடல் பார்க்கிலிருந்து சிறுசேரி வரை எந்த ஐ.டி. கட்டடத்தில் ஏறினாலும் மாடிக்கு ஒருவர் இப்படிக் கிடைப்பார்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை எதுவாவது நம்பிவிடும். "சார், சனிக்கிழமையும் வர்றோம், அதுக்கு ஈடா காம்ப்-ஆஃப் லீவு கொடுக்க மாட்டேங்கறாங்க" என்று எழுந்து கேட்டுவிடும். அவர் முகம் மலரும். "சூப்பர் பாயிண்ட்! இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆஃப்லைன்ல பேசிக்கலாம்." டைரியில் தேதி போட்டுக் குறித்துக்கொள்வார். சம்பள உயர்வா? ஆஃப்லைன். ராத்திரி பத்து மணிக்குக் கிளையண்ட் காலா? ஆஃப்லைன். கேப் வரவில்லையா? அதுவும் ஆஃப்லைன். மீட்டிங் அறையில் குளிர் தாங்காமல் ஏசியைக் குறைக்கச் சொன்னதற்குக்கூட ஆஃப்லைன் என்றார். ரிமோட் அவர் கையில்தான் இருந்தது.

அந்த ஆஃப்லைன் வருவது அப்ரைசலில். காம்ப்-ஆஃப் கேட்ட பிள்ளைக்கு, 'ஆட்டிட்யூடில் முன்னேற்றம் தேவை.'

வருஷத்துக்கு ஒருமுறை பெயர் கேட்காத சர்வே ஒன்றும் உண்டு. பெயர்தான் கேட்காது, டீம், பதவி, எத்தனை வருஷ அனுபவம் எல்லாம் கேட்கும். ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம்.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலும் முதல் போன் அவருடையதுதான். லீவும் கேள்வி இல்லாமல் கிடைக்கும். வேலையைப் பற்றிப் பேசினால் மட்டும் காது கேட்காது.

ராஜினாமா மெயில் போனால் அந்தக் காதும் கேட்டுவிடும். 90 நாள் நோட்டீஸ் பீரியடின் முதல் நாளே காபிக்குக் கூட்டிப்போவார். "ஏம்பா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" சொன்னது டைரியில் தேதியோடு இருக்கிறது.

போகிறவர் ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவருடைய டிக்கெட்டெல்லாம் எங்கள் தலையில் விழுகிறது. புது ஆள் வந்து, பழைய கோடு புரிந்து, தனியாகச் செய்ய மாதக்கணக்காகிறது. அதுவரை ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ்தான். யாரும் எதுவும் கேட்பதில்லை. சத்தமில்லாமல் நௌக்ரியில் ரெஸ்யூமே அப்டேட் ஆகிறது.

சார், அடுத்த கூட்டத்தில் எங்களைப் பேசச் சொல்ல வேண்டாம். அந்த டைரியைப் பிரித்து, அதில் ஏதாவது ஒன்றைச் செய்துகொடுங்கள். காம்ப்-ஆஃபிலேயே ஆரம்பிக்கலாம்.