மேலதிகக் காப்புறுதி: ஹீத்ரோ கருமபீடத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

லண்டன்வாழ் தமிழ்க் குடும்பங்களின் பொருளியலை ஆராயப் புகுவோர் வீட்டுக் கடன், சீட்டு, சாமத்திய வீட்டுச் செலவு ஆகிய பெரும்பொருள்களிலேயே தங்கிவிடுவதால், அக்குடும்பங்கள் அவ்வப்போது எதிர்கொள்ளும் ஒரு சிறு வினா உரிய கவனத்தைப் பெறாமலே இருந்துவருகிறது. கனடாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ உறவினர் வந்திறங்க, வீட்டிலுள்ள கார் போதாமல் ஏழு இருக்கை வண்டியொன்றை வாடகைக்கு எடுக்கச் சென்று, ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்குச் சுற்றுச்சாலையை ஒட்டிய கருமபீடங்களுள் ஒன்றின் முன் வரிசையில் நின்று, சாரதி அனுமதிப் பத்திரமும் கடனட்டையும் கொடுத்து முடித்தபின், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பணியாளர் கேட்கும் வினா அது: மேலதிகக் காப்புறுதி வேண்டுமா, வேண்டாமா? விடை சொல்லக் கிடைக்கும் அவகாசம் பின்னால் நிற்பவர் ஒருமுறை செருமும் நேரமே ஆதலின், இதனைக் கருமபீடத்துக்கு வெளியே, நிதானமாக, நூல்முறைப்படி ஆராய்தல் தகும்.

முதற்கண் சொற்பொருள் தெளிதல் வேண்டும். பிரித்தானியாவில் பிறருக்கு விளையும் தீங்குக்கான காப்புறுதி இல்லாமல் எந்தக் காரும் தெருவில் ஓடலாகாது என்பது 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் முதலாக விதி. இன்று அதே கட்டாயத்தை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 143ஆம் பிரிவு தாங்கி நிற்கிறது. அந்தக் காப்புறுதி வாடகையிலேயே அடங்கியிருப்பதால் அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அடுத்தது மோதற் சேதத் தள்ளுபடி. பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்தே வரும் இது, காப்புறுதி போலத் தோன்றினும், நுணுகி நோக்கின், கார் சேதமுற்றால் முழுச் செலவையும் எடுத்தவரிடம் கேட்பதில்லை என்று நிறுவனம் தரும் ஒரு வாக்குறுதியே. அவ்வாக்குறுதியும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பகுதிக்கே பொருந்தும். அத்தொகை வரையிலான செலவை எடுத்தவர் தம் பையிலிருந்து கொடுத்தாக வேண்டும். ‘எக்ஸெஸ்’ எனப்படும் இத்தொகை 1,000 பவுண், 1,500 பவுண், பெரிய வண்டியாயின் 2,000 பவுண் என அமைவது வழக்கம். இந்த எக்ஸெஸைச் சூனியமாக்கித் தருவதாகச் சொல்லி, நாளுக்கு இவ்வளவு என்று விலைபேசி விற்கப்படுவதே மேலதிகக் காப்புறுதி. சுருங்கச் சொன்னால், காப்புறுதியில் விடப்பட்ட ஓட்டையை அடைக்கும் காப்புறுதி.

இவ்வினா லண்டனில் கேட்கப்படுவதில் ஒரு வரலாற்றுப் பொருத்தம் உண்டு. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் நிக்கலஸ் பார்பன் வீடுகளுக்குத் தீக் காப்புறுதி விற்கப் புறப்பட்டதும், எட்வர்ட் லொயிட் 1680களில் நடத்திய கோப்பிக் கடையில் கப்பற்காரர் கூடிக் கடற்பயணத்தின் இடரை விலைபேசத் தொடங்கியதும் இந்நகரிலேயே. லொயிட் தம் கடையில் கோப்பியையும் கப்பற் செய்திகளையும் கொடுத்தாரேயன்றித் தாமே காப்புறுதி விற்றாரல்லர். ஹீத்ரோ கருமபீடத்திலோ காப்புறுதி தாராளமாகக் கிடைக்கிறது, கோப்பிதான் இல்லை.

வினாவிற்கு விடை கூறுவோர் இரு மதத்தினர். ஏற்போர் மதத்தின் மூலவாக்கியம் பெரும்பாலும் மனைவியால், கணவனின் தோளுக்குப் பின்னிருந்து உரைக்கப்படுவது: “இஞ்சாருங்கோ, போட்டுவிடுங்கோ, பிறகு கரைச்சல்.” மறுப்போர் மதத்தின் மூலவாக்கியம் ஹரோவிலிருந்தோ ஈஸ்ட் ஹாமிலிருந்தோ கைப்பேசி வழியாக வந்து சேரும்: “விசர் வேலை பாக்காதை மச்சான், அது சும்மா காசு.” இவ்விரண்டில் எதுவும் சேதம் நேருமா என்னும் கேள்வியைத் தொடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கணவனை உண்மையில் அச்சுறுத்துவது, மறுத்தபின் கீறல் விழுந்தால் எழக்கூடிய “நான் அப்பவே சொன்னனான்” என்னும் வாக்கியம். ஒப்பந்த மீறலுக்கான வழக்கு இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி 6 ஆண்டில் காலாவதியாகிவிடும்; மேற்படி வாக்கியத்துக்கு அத்தகைய வரையறை எச்சட்டத்திலும் காணப்படவில்லை. மறுப்போருள் ஓர் உட்பிரிவும் உண்டு. கருமபீடத்தில் துணிவோடு மறுத்துவிட்டு, பிறகு பயணம் முழுதும் வேறெந்தக் காரும் நெருங்காத மூலை தேடி, கோயிலுக்கு அரை மைல் தள்ளி வண்டியை நிறுத்துவோர் இப்பிரிவினர். இவர்கள் தவணைப் பணத்தை மாமியின் முழங்காலிலிருந்து செலுத்துகின்றனர் என்று கொள்வதே பொருந்தும்.

இரு மதத்துக்கும் நடுநின்று தீர்ப்புக் கூறும் கருவி 1738இலேயே கிடைத்துவிட்டது. சென் பீட்டர்ஸ்பேர்க் அறிவியற் கழகத்தின் வெளியீட்டில் டானியல் பேர்னூலி என்னும் கணித அறிஞர் ஒரு வணிகனின் தடுமாற்றத்தை ஆராய்ந்தார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவனுக்கு வரவேண்டிய சரக்கின் பெறுமதி 10,000 ரூபிள். அவ்வழியில் 100 கப்பலுக்கு 5 கப்பல் அழியும். காப்புறுதிக்குக் கேட்கப்படும் விலை 800 ரூபிள். சராசரி இழப்பு 500 ரூபிளே ஆதலால் விலை அதிகந்தான்; ஆயினும் அச்சரக்கு நீங்கலாக வணிகனின் செல்வம் 5,043 ரூபிளுக்குக் குறைவாயின் வாங்குவதே அறிவு, மிகுமாயின் வாங்காமையே அறிவு என்று அவர் கணித்தார். ஒரே தொகையின் இழப்பு இல்லாதவனை முறிக்கும், உள்ளவனைக் கிள்ளும் என்பதே அக்கணிப்பின் உயிர்நாடி.

இதனை ஹீத்ரோவுக்குப் பெயர்த்துப் பார்க்கலாம். எக்ஸெஸ் 1,500 பவுண் என்றும், ஒரு வார வாடகைக்கு மேலதிகக் காப்புறுதி நாளுக்கு 25 பவுண் வீதம் 175 பவுண் என்றும் கொள்க. கப்பலுக்குச் சொன்ன நூற்றுக்கு ஐந்து என்னும் இடரையே, ஒவ்வொரு விபத்திலும் முழு எக்ஸெஸும் பறிபோகும் என்ற கடுமையையும் சேர்த்து, காருக்கும் கொள்க. பேர்னூலியின் முறைப்படி கணக்கிட்டால், உலகில் தமக்குள்ள மொத்தச் செல்வமும் ஏறத்தாழ 1,690 பவுணுக்குக் குறைந்தவரே இதனை வாங்க வேண்டும் என்பது பெறப்படும். கருமபீடத்தின் முன் நிற்கும் குடும்பத்தில் தாலிக்கொடி ஒன்றே அந்த எல்லையைப் பன்மடங்கு தாண்டிவிடும். ஏற்போர் மதத்தின் மூலவாக்கியத்தை உரைப்பவரே அதற்கு எதிரான சான்றையும் கழுத்தில் அணிந்து நிற்கிறார். இந்தப் பலவீனம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க வீட்டுக் காப்புறுதிகளை ஆராய்ந்து ஜஸ்டின் சிட்னர் என்னும் பொருளியலாளர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, தாம் தாங்க வேண்டிய பங்கை 1,000 டொலரிலிருந்து 500 டொலராகக் குறைக்க மக்கள் ஆண்டுக்கு 100 டொலர் கொடுத்தனர் என்றும், அதனால் அவர்கள் எதிர்பார்க்கத்தக்க பயன் 25 டொலருக்கும் குறைவு என்றும் காட்டியது.

இவ்விடத்தில் இரு மதத்தாரும் அறியாத, அல்லது அறிந்தும் புறப்படும் அவதியில் மறந்துவிடும் மூன்றாம் வழி ஒன்றைக் கூற வேண்டும். எக்ஸெஸுக்கான காப்புறுதியை வாடகை நிறுவனத்தைத் தவிர்த்து, அதையே தொழிலாகக் கொண்ட வேறு காப்புறுதி நிறுவனத்திடம் முற்கூட்டியே வாங்கலாம்; நாளுக்குச் சில பவுண்களே ஆகும். 4 பவுண் வீதம் வாரத்துக்கு 28 பவுண் எனின், ஏறத்தாழ 54 வாடகைக்கு ஒருமுறை முழு எக்ஸெஸும் போனாலே கொடுத்த பணம் சரிக்கட்டும். கருமபீட விலை சரிக்கட்ட வேண்டுமாயின் எட்டு ஒன்பது வாடகைக்கு ஒருமுறை அவ்வாறு நேர்ந்தாக வேண்டும். அத்தனை ஒழுங்காகக் காரை இடிப்பவர் காப்புறுதியை விட்டுச் சாரதிப் பயிற்சியை நாடுதல் நலம். மூன்றாம் வழியிலும் ஒரு சங்கடம் உண்டு. சேதத்துக்கான பணத்தை முதலில் வாடகை நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு, பிறகுதான் பற்றுச்சீட்டுகளை அனுப்பி மீளப் பெற வேண்டும். அன்றியும், வாடகைக் காலம் முழுதும் கடனட்டையில் ஒரு பெருந்தொகை முடக்கப்பட்டிருக்கும். கருமபீடக் காப்புறுதியை வாங்கியவருக்கு இந்த முடக்கம் பெரும்பாலும் சுருங்கும் என்பதால், கடனட்டையில் இடம் குறைந்தவர் அதனை வாங்க நேர்வதை ஆராய்ச்சியாளர் குறைகூற இயலாது.

இனி விலக்குகள். அடிப்படைத் தள்ளுபடியிலிருந்து டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம், தொலைந்த சாவி, டீசல் வண்டியில் ஊற்றிய பெற்றோல் ஆகியவை நீக்கப்பட்டிருப்பது மிகப் பொதுவான வழக்கம். மேலதிகப் பொதிகளிலும் சில இவற்றுள் சிலவற்றையே சேர்த்துக்கொள்கின்றன. இங்கேதான் தமிழரின் பழைய காப்புறுதி முறையொன்று ஒப்பாய்வுக்கு உரியதாகிறது. நெடும்பயணம் புறப்படும் புதிய வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கத்தை, அம்மம்மா ஒருவர் உடனிருந்தால், வாடகைக் காருக்கும் நீட்டிப்பது உண்டு. நிறுவனத்தின் ஒப்பந்தம் கைவிடும் உறுப்பு டயர். எலுமிச்சம்பழம் நேரே சென்று தொடும் உறுப்பும் டயரே. ஆகவே இவ்விரு காப்புறுதிகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன என்பதும், பிந்தியதற்கு எக்ஸெஸ் இல்லை என்பதும் துணியப்படும்.

உண்மையான இடர் எங்கே பிறக்கிறது என்பதையும் காண வேண்டும். லண்டன் தமிழர் நெடுந்தூரம் செல்லும் இடங்களுள் ஒன்று வேல்ஸ் நாட்டுக் கார்மாதன்ஷயரிலுள்ள ஸ்கந்தவேல் ஆலயம். அதற்கான நெடுஞ்சாலைப் பகுதி அகன்றது. கடைசிச் சில மைல்களோ ஒரு காரின் அகலமே உள்ள, இருபுறமும் வேலிப்பற்றைகள் நெருக்கும் பாதை. எதிரே ஓர் உழவு இயந்திரம் வந்தால் வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டும்; “எடுங்கோ, எடுங்கோ, இடமிருக்கு” என்று பின்னிருக்கையிலிருந்து மூவர் ஒரே நேரத்தில் வழிகாட்டுவர்; முட்செடியின் கிளையொன்று முன்கதவிலிருந்து பின்கதவுவரை மெல்லிய கோடொன்றை இழுத்துச் செல்லும். சக்கர ரிம் வேறு கதை. நடைபாதைக் கல்லோரம் உரசிய ரிம்மை எடுத்தவர் காண்பதில்லை; மீள ஒப்படைக்கும்போது பரிசோதகர் குனிந்து, உலோக விளிம்பில் பெருவிரல் நகத்தை ஓட்டி, நகம் தடக்கும் இடத்தில் நிறுத்தி, கையிலுள்ள திரையில் மேலிருந்து பார்த்த காரின் படத்தில் ஒரு புள்ளி வைப்பார். முந்தியவர் விட்டுச்சென்ற கீறலா இது என்னும் வழக்கு இவ்வாறே தோன்றும். இவ்வகை முறைப்பாடுகள் பெருகியதால், ஐரோப்பிய ஆணையமும் பிரித்தானியப் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை உள்ளிட்ட அமைப்புகளும் தலையிட, 2015இல் ஐந்து பெரிய வாடகை நிறுவனங்கள் எக்ஸெஸ், காப்புறுதி விவரங்களைத் தெளிவாகக் கூறவும் சேதப் பரிசோதனையைச் சீராக்கவும் உடன்பட்டன. சாவி வாங்கிய உடனே நான்கு ரிம், கூரை, முன்கண்ணாடி, பெற்றோல் அளவு ஆகியவற்றைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவதே இன்றும் காசில்லாத முதற் காப்பு. பிள்ளைகள் இருக்கைக்குச் சண்டையிடும் அந்த இரண்டு நிமிடத்தில் இதனைச் செய்து முடிக்கலாம்.

மேற்கண்டவற்றால் முடிபு வருமாறு: 1,500 பவுணைப் பல்லைக் கடித்துக்கொண்டேனும் கட்ட வல்லவர் கருமபீடத்தில் மறுக்கலாம், அச்சம் தீராதவர் வீட்டிலிருந்தே தனிக் காப்புறுதி வாங்கி, அதன் பத்திரத்தை மனைவியிடம் முதலிலேயே காட்டிவிட்டுப் புறப்படலாம், கட்ட வல்லமையும் முன்யோசனையும் ஒருங்கே இல்லாதவர் கருமபீட விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எவ்வழியைத் தேர்ந்தாலும், டார்ட்ஃபோர்ட் ஆற்றுக் கடவையின் கட்டணத்துக்கு இம்முடிபு பொருந்தாது. அங்கிருந்த தடுப்புகள் 2014இல் அகற்றப்பட்டதால் பலர் கட்டணம் இருப்பதையே அறியாமல் கடந்துவிடுகின்றனர்; கடந்த மறுநாள் நள்ளிரவுக்குள் அதனைக் கட்டாவிட்டால் அபராதச் சீட்டு வாடகை நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து வீட்டுக்கு வரும். அதனை எந்தக் காப்புறுதியும் ஏற்பதில்லை.