நோ பிளாக்கர்ஸ்

ஓ.எம்.ஆரில் இரவு எட்டு மணிக்கு ஊர்ந்துகொண்டிருக்கும் கேபுக்குள் ஒருவர் "குட் மார்னிங் ஆல்" என்று உற்சாகமாகச் சொன்னால் டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது. அவர் ஸ்க்ரம் மாஸ்டர். டாலஸில் அப்போது காலை ஒன்பதரை.

நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்வாங்கும். இவருடைய ராச்சாப்பாடும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மார்ச் இன்னும் விசேஷம். அமெரிக்கா இரண்டாம் ஞாயிறே முள்ளைத் திருப்பிவிடும், இங்கிலாந்து கடைசி ஞாயிறு வரை பொறுத்திருக்கும். டீமில் லண்டன்காரர்களும் இருந்துவிட்டால், இடைப்பட்ட வாரங்களில் யார் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2001 பிப்ரவரியில் யூட்டாவின் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்பது அதன் 12 கொள்கைகளில் ஒன்று. சான்றிதழ்த் தேர்வில் நம்மவர் இதற்குச் சரியாக டிக் அடித்தவர்தான். ஆனால் ப்ராடக்ட் ஓனரை இன்றுவரை இரண்டெழுத்துப் போட்ட வட்டமாகத்தான் அவருக்குத் தெரியும்.

தினசரிக் கூட்டம் பதினைந்து நிமிடத்தில் முடியட்டும் என்றுதான் ஸ்டாண்டப்பில் நிற்கச் சொன்னார்கள். இவர் டீமில் நிற்பவர், பஸ்ஸில் சீட் கிடைக்காதவர் மட்டும்.

"எனி பிளாக்கர்ஸ்?"

சிறுசேரி டீம் ஒரே குரலில்: "நோ பிளாக்கர்ஸ்."

ஆனால் ஒரு பட்டனை எந்தப் பக்கம் வைப்பது என்ற சந்தேகம் காலை பத்து மணிக்கே வந்தது. கேட்க வேண்டியவர் அடுத்த நாற்காலியில் இருந்திருந்தால் அரை நிமிட வேலை. அவரோ டாலஸில் தூங்கிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கக் காத்திருந்த கதையைக் கிளையன்ட் காதுபடச் சொல்ல முடியுமா? கால் முடிந்த மறுநொடி வாட்ஸ்அப் குழுவில் வரிசைகட்டும்: "ஜி, ஒரு சின்ன பிளாக்கர்..." நிஜ ஸ்டாண்டப் அதுதான்.

வேலையின் அளவை மதிப்பிடும் பிளானிங் போக்கரில் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்ட வேண்டும். பெரியவர் போட்டதைப் பார்த்துச் சின்னவர் போடக்கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு. ஆன்சைட் ஆர்க்கிடெக்ட் மட்டும் "இது த்ரீ பாயின்ட் வேலைதானே" என்று முன்கூட்டியே முணுமுணுப்பார். சிறுசேரியின் எட்டுகளும் பதிமூன்றுகளும் சத்தமில்லாமல் மூன்றாகும். தடுக்க வேண்டியவர் நம்மவர். மியூட்டில் இருப்பார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கேள்விகளை இங்கேயும் பதில்களை அங்கேயும் வைத்த ஏற்பாடு அவருடையது அல்ல. ஸ்ப்ரின்ட் முடிவில் ரெட்ரோவில் துணிந்து ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினார்: "சேர்ந்து பேச நேரம் போதவில்லை." எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், உடனடித் தீர்வும் கண்டார்கள். தினமும் இன்னொரு கால், சிறுசேரி நேரப்படி இரவு பத்தரைக்கு.