அந்தமானில் அஞ்சு இருபது

கொரோனாவுக்குப் பயந்து பத்து மாதமாகப் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவன் நான். செய்தித்தாளை இஸ்திரி போட்டுப் படித்தவன். வீட்டில் எல்லோருக்கும் கபசுரக் குடிநீரை மிரட்டி ஊற்றிவிட்டு, என் பங்கை வாஷ்பேசினுக்கு வார்த்தவன். இப்பேர்ப்பட்டவன் 2021 பொங்கலன்று, வாயில் கரும்போடு, "அடுத்த வாரம் அந்தமான் போறோம்" என்றதும் என் மனைவி முதலில் என் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

கடல், தீவு, பவளப்பாறை என்றெல்லாம் சொன்னேனே தவிர, உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு அலுவலகம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் குடியேறிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் அந்தமான் போய்வந்த நண்பர் ஒருவர், "அஞ்சு நாள் நெட்டே கிடையாதுய்யா, நரகம்" என்று புலம்பியிருந்தார். அந்த நரகத்துக்குத்தான் நான் டிக்கெட் எடுத்தேன். ஆபீசில், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் ரிப்போர்ட் வேண்டும் என்பது அப்போது தீவின் விதி. பிள்ளைகள் இருவரும் தும்மிவிட்டு எழுந்து வந்தார்கள். எனக்குக் குச்சி மூக்குக்குள் போனபோது நான் போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் நின்ற இரண்டு பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாக மகன் வந்து சொன்னான்.

விமானத்தில் எல்லோருக்கும் ஃபேஸ் ஷீல்டு கொடுத்தார்கள். நடு சீட்டுக்காரருக்கு மட்டும் கூடுதலாக, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடும் ஓர் அங்கி. மகளுக்கு ஜன்னல், மனைவிக்கு ஓர சீட்டு, மகனுக்கு எதிர்ப்பக்கத்து ஓர சீட்டு. நடு சீட்டு யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா? மாஸ்க், அதற்கு மேல் மூக்குக்கண்ணாடி, அதற்கும் மேல் ஷீல்டு. மூச்சை விட்டால் கண்ணாடியெல்லாம் ஆவி. விடாவிட்டால் ஆவியே போய்விடும். கைப்பையை மேலே வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரிக்கும்மா கொண்டுபோறீங்க?"

போர்ட் பிளேரில் இறங்கியதும், ஒரு வாரமாக மகளிடம் கற்ற இந்தியை ஆட்டோக்காரரிடம் அவிழ்த்துவிட்டேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அது என்னவாக வெளியே வந்ததோ, அவர் சற்று யோசித்துவிட்டு, "சாருக்கு எந்த ஊரு? நமக்கு ராமநாதபுரம் பக்கம்" என்றார். மகள் வானத்தைப் பார்த்தாள்.

மறுநாள் செல்லுலார் சிறை. 1906-இல் கட்டி முடித்தது. ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்று. ஓர் அறைக்குள் நின்றுகொண்டு, "பத்து மாசமா நாமும் இப்படித்தானே..." என்று உருக்கமாக ஆரம்பித்தேன். மகள் முடிக்க விடவில்லை. "அவங்க செக்கிழுத்தாங்கப்பா. நீ ஆறு கிலோ ஏறின." அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது.

பிறகு படகேறி ஹேவ்லாக். 2018 கடைசியில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பேர் மாற்றியாயிற்று. வாயில் நுழைவது என்னவோ பழைய பேர்தான். அங்கேதான் ராதாநகர் கடற்கரை. ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 2004-இல் டைம் பத்திரிகை சொன்ன இடம். சென்னைக்காரனுக்குக் கடலில் சூரியன் உதிக்கத்தான் தெரியும். ராதாநகரில் அது கடலுக்குள் இறங்கும். அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று சபதம் செய்திருந்தேன். நாலே முக்காலுக்கு எல்லோரும் கிளம்பி நிற்கையில் என் போன் அடித்தது. வீடியோ கால். மேனேஜர்.

2020 ஆகஸ்ட் 10-இல், சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டுத் திறந்துவைத்திருக்கிறார்கள். அது ஹேவ்லாக்குக்கும் வருகிறது. இஸ்திரி போட்ட செய்தித்தாளில் நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

"அஞ்சே நிமிஷம், கிளையன்ட் லைன்ல இருக்காங்க" என்றார். "நீங்க போங்க, பின்னாடியே வந்துடறேன்" என்று குடும்பத்தை அனுப்பிவிட்டு, விடுதித் தோட்டத்திலேயே நின்று கேமராவைப் போட்டேன்.

"என்ன சார், நீங்களும் பீச் பேக்ரவுண்டா? பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. எடுத்துடுங்க, ப்ளீஸ்."

எனக்குப் பின்னால் நின்றது அசல் தென்னை. அசல் கடல். எடுக்க வழியில்லை, சொல்லவும் வழியில்லை. அறைக்குள் ஓடி, குளியலறை டைல்ஸில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். "இப்ப நல்லா இருக்கு" என்றார். "அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை சார்."

"அது என்ன இரைச்சல்?"

"பக்கத்துல ரைஸ் மில்லு சார்."

அவரது அஞ்சு நிமிஷம் நாற்பதைத் தாண்டியது. அதனால் என்ன, சென்னைக் கணக்குக்கு ஆறு மணிவரை சூரியன் இருக்குமே என்று நினைத்திருந்தேன். நாடு முழுக்க ஒரே கடிகாரம். அந்தமானோ கிழக்கே வெகுதூரம். ஜனவரியில் அங்கே அஞ்சு இருபதுக்கெல்லாம் சூரியன் மூட்டை கட்டிவிடுகிறது. நான் மூச்சிரைக்க மணலில் கால் வைத்தபோது, குடும்பம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தது.

"எப்படி இருந்துது?"

"அதை எப்படிங்க சொல்றது" என்றாள் மனைவி. "போன் பண்ணினேன். பிஸின்னு வந்துது."

ராதாநகர் போகிறவர்கள் தயவுசெய்து நாலரைக்கே மணலில் உட்கார்ந்துவிடுங்கள். போனை அறையிலேயே வைத்துவிடுங்கள்; அங்கே சிக்னல் பிரமாதமாக வருகிறது.