சீருடைக்கு ஓட்டு உண்டா?

கேள்வி: ராணுவத்தினர் சீருடையோடு ஊர்வலத்தில் நடந்தால் அது அரசியல் ஆகிவிடாதா?

பதில்: எந்த ஊர்வலம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஒரு சிப்பாய் கட்சிக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போகலாம். சீருடையில் போகக் கூடாது. ஓட்டு ஆளுக்குத்தான், சீருடைக்கு இல்லை! ஆனால் 2012-இல் சான் டியேகோ நகரில் நடந்த தன்பாலீர்ப்பாளர் பெருமை ஊர்வலத்தில் சீருடையோடு நடக்கப் பென்டகனே அனுமதித்தது. முந்தைய ஆண்டு அங்கே டி-ஷர்ட்டில்தான் நடந்தார்கள். யாருக்கும் ஓட்டுக் கேட்காத ஊர்வலம் அது; அனுமதித்தது சரியே. மாறாக, 2020 ஜூன் 1 அன்று வாஷிங்டனில் போராட்டக்காரர்கள் விரட்டப்பட்ட கையோடு, அதிபர் டிரம்புடன் போர்ச்சீருடையில் நடந்தார் அமெரிக்க ராணுவத்தின் அன்றைய மிக மூத்த அதிகாரி மார்க் மில்லி. கொடி இல்லை, கோஷம் இல்லை, சில நிமிட நடைதான். அதுதான் அப்பட்டமான அரசியல். தான் அங்கே போயிருக்கவே கூடாது என்று ஜூன் 11 அன்று அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.