லாங் கேஸின் விண்ணப்பம்

அனுப்புநர்: லாங் கேஸ், லாரி மெக்கானிக், மேட்டுப்பாளையம், புதுச்சேரி.
பெறுநர்: தேசிய மருத்துவ ஆணையம், புதுதில்லி.
பொருள்: என்னைத் தேர்வாளராக நியமிக்கக் கோருதல்.

ஐயா,

என் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம். அதனால் எனக்கு மூச்சு வாங்குகிறது. உங்களுக்கு டாக்டர்கள் கிடைக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். கடைசி வருஷப் பிராக்டிகலுக்கு ஒரு கல்லூரியில் 'லாங் கேஸ்' நோயாளியாகக் கட்டிலேறிப் படுப்பவன் நான். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சுக்காரன் 1823-இலேயே மருத்துவப் பள்ளி திறந்த ஊர், கல்லூரிக்கா பஞ்சம்?

முக்கால் மணி நேரம் நானும் மாணவனும்தான். பேரைக் கேட்கிறவன் உண்டு. கேட்காமலே சட்டைப் பொத்தானில் கைவைக்கிறவனும் உண்டு. சில்லிட்ட கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்ட ஒரு பெண்ணை இன்னும் மறக்கவில்லை. "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கய்யா, மூச்சை விட்டு நிறுத்துங்க" என்று சொல்லி, ஸ்டெத்தின் குழிந்த பக்கத்தை வைத்தால்தான் என் வால்வின் உறுமல் பிடிபடும். அதை விட்டுவிட்டு, "டாக்டர் என்ன நோய்னு சொன்னாங்க?" என்று கிசுகிசுப்பவர்களுக்கும் நான் குறை வைத்ததில்லை. "மைட்ரல் ஸ்டெனோசிஸ் தம்பி." பிறகு தேர்வாளர் வருவார், என்ன நோய் என்பார். தம்பி பாஸ். அவன் கை என் நெஞ்சில் என்ன செய்தது என்பது எனக்கும் கூரை ஃபேனுக்கும்தான் தெரியும்.

பட்டறையில் புதுப் பையனிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர் டாக்டர் ஹார்டன் 1975-இல் ஆஸ்கி என்று கொண்டுவந்த தேர்வு முறையும் இதுதானாம்: செய்யும்போதே நின்று பார்த்து, படிக்குப் படி மார்க். பட்டறை வைத்திருந்தாரோ என்னவோ.

நீங்களும் சும்மா இல்லை. மூன்று வருஷத்தில் நெக்ஸ்ட் என்ற பொது இறுதித் தேர்வு வரும் என்றது உங்கள் 2019 சட்டம். அதன் இரண்டாம் கட்டம் செய்முறை. 2023 ஜூலையில் தள்ளிவைத்தீர்கள். எங்கள் லாரி டெர்மினல் டீக்கடையிலும் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை தொங்குகிறது. இதற்கிடையே பிள்ளைகள் வார்டை விட்டுவிட்டு பிஜி நீட் கோச்சிங்கில் நாலில் ஒன்றைத் தேடுகிறார்கள். என் நெஞ்சு அ, ஆ, இ, ஈ என்று துடிப்பதில்லை.

எனவே மார்க்கை நானே போடுகிறேன். கையைச் சூடாக்கினால் ஐந்து, பேரைக் கேட்டால் ஐந்து. இப்போது கிடைக்கிற பஸ் காசும் பன்னும் போதும்.

சீக்கிரம் உத்தரவு போடுங்கள். உலோக வால்வு பொருத்தலாம் என்கிறார்கள். பொருத்திவிட்டால் டிக் டிக் சத்தம் ஸ்டெத் இல்லாமலே கேட்குமாம். அப்புறம் என்னிடம் ஒருத்தனும் ஃபெயிலாக மாட்டான்.

இப்படிக்கு,
கட்டில் எண் 7